ஓடைக்கரைக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று: எங்கள் நிலத்துக்கு எந்த யூகலிப்டஸ்?

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெல்பர்னுக்கு வடக்கே, விட்டில்சீ போகும் வழியில் இரண்டரை ஏக்கர் நிலம் வாங்கினோம். பத்திரம் முடிந்த வாரமே வீட்டில் விவாதம் தொடங்கிவிட்டது. எந்தக் கம் மரத்தை நடுவது? இங்கே கம் மரம் என்று எல்லாரும் சொல்வது யூகலிப்டஸைத்தான். அதில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. குன்னூரிலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பள்ளியில் படிக்கும் மகளுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு மரம் மனத்தில் இருந்தது. எனக்கோ எந்த யூகலிப்டஸும் வேண்டாம்.

நான் பிறந்து வளர்ந்தது புதுக்கோட்டைப் பக்கம். அங்கே இதற்கு ஆர்.எஸ்.பதி மரம் என்று பெயர். தைல மரம் என்றும் சொல்வோம். ஒரே வயதில், ஒரே உயரத்தில், வரிசை வரிசையாக நிற்கும் தோப்புகள். அடியில் புல்கூடச் சரியாக முளைக்காது. உள்ளே ஒரு கூட்டைக் காண வேண்டுமென்றால் நாள் முழுக்கத் தேட வேண்டும். கண்மாய்க்குப் போக வேண்டிய மழைநீரைத் தோப்புக்குள் போட்ட வரப்புகள் மறித்துக்கொள்கின்றன என்று பேசாத விவசாயி எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்தக் கோபத்தோடு வளர்ந்தவனுக்கு, கடன் வாங்கி வாங்கிய நிலத்தில் அதே மரத்தைக் கொண்டுவந்து நடுவதற்கு மனம் ஒப்பவில்லை.

இன்று அந்த எண்ணம் மாறிவிட்டது. மரத்தை அதன் பிறந்த வீட்டில் பார்த்ததுதான் காரணம். மெல்பர்னின் வடக்கிலும் மேற்கிலும் நிலமோ வீடோ வாங்கிவிட்டு இதே கேள்வியோடு நிற்கும் நம்மவர்கள் பலர். நாங்கள் எடைபோட்டுப் பார்த்த மரங்களையும், எதை ஏன் தள்ளினோம், எதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதையும் அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பிளென்டி ஆறு இரண்டு வேறு மண்களுக்கு நடுவே ஓடுகிறது. அதன் மேற்கே, எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த சமவெளி. கருங்கல்லின் மேல் கனத்த களிமண். மழைக்காலத்தில் காலைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழக்கே, அதைவிடப் பல கோடி ஆண்டுகள் பழமையான படிவுப் பாறை மேடுகள். மண் வெளிறிப்போய், கல்லும் சரளையுமாகத் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். எங்கள் நிலம் இந்த இரண்டுக்கும் எல்லையில் கிடக்கிறது. கீழ்ப்பக்கம் களிமண்ணும், கோடையில் வற்றிவிடும் ஓர் ஓடையும். மேல்பக்கம் சரளை மேடு. நடுவில் வீடு. குளிர்கால விடியலில் பள்ளம் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

கீழ் மூலையில் ஒரு கிழட்டு மரம் ஏற்கெனவே நின்றது. மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம். பாதிக் கிளைகள் பட்டுப்போயிருந்தன. நிலத்தை விற்ற இடைத்தரகர், "இதை எடுத்துவிட்டால் இடம் இன்னும் அழகாகிவிடும்" என்றார். எங்களுக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

முதல் இழப்பு

பக்கத்து நிலத்துக்காரர் "இந்த ஊர் மரம் ரெட் கம்" என்று சொன்னதைக் கேட்டு, மாமனாரும் நானும் ஒரு நாற்றங்காலுக்குப் போய் ரெட் கம் கேட்டோம். பெரிய தொட்டியில், சிவப்புப் பூப் படம் போட்ட அட்டையோடு ஒரு செடியைக் கொடுத்தார்கள். ஏப்ரலில் நட்டோம். ஜூலை உறைபனியில் இலைகள் வெந்ததுபோல் கருகி, செடி அப்படியே போய்விட்டது. அட்டையை எடுத்து நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது: அது ரெட் ஃப்ளவரிங் கம். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உரிய மரம். தாவரவியலாளர்கள் 1995இல் அதை யூகலிப்டஸ் பேரினத்திலிருந்தே பிரித்து, கொரிம்பியா என்ற தனிப் பேரினத்தில் வைத்துவிட்டார்கள். இளங்கன்றாக இருக்கும்போது உறைபனி அதற்கு ஆகாது.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கடற்காற்றில் வளர வேண்டிய ஓர் உயிரைக் கொண்டுவந்து பனிப்பள்ளத்தில் வைத்துக் கொன்றுவிட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து கடையில் பூவின் நிறத்தைக் கேட்பதை விட்டுவிட்டேன். மரத்தின் லத்தீன் பெயரையும், விதை எந்த ஊரில் எடுத்தது என்பதையும் கேட்கிறேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கடையில் மரக்கன்று வாங்காதீர்கள்.

மாமனாரின் மரம்: ப்ளூ கம்

"மாப்பிள்ளை, வீட்டுப் பக்கத்தில் ஒரு தைல மரம் இருந்தால் போதும், சளி காய்ச்சல் எட்டிப் பார்க்காது" என்பது அவருடைய வாதம். குன்னூர்க்காரர் வேறு எப்படிச் சொல்வார்? நீலகிரிக்கு ப்ளூ கம் வந்தது 1840களில். விறகுக்காக நட்டார்கள். அதன் வாசனையே மலையின் வாசனை என்று நம்பும் தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. சோலைக் காடுகளும் புல்வெளிகளும் இருந்த இடத்தில் அது நிற்கிறது என்பது பிறகுதான் பலருக்கும் உறைத்தது.

அதன் பிறந்த வீடு டாஸ்மேனியாத் தீவின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளும், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் தெற்கில் ஆட்வே மலைகள், வில்சன்ஸ் ப்ரோமன்டரி போன்ற ஈரமான இடங்களும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாபில்லார்டியர் 1792இல் டாஸ்மேனியாவின் தென்கோடியில் இதைச் சேகரித்து, 1800இல் அறிவியல் பெயரிட்டு விவரித்தார். 1962 முதல் இதன் பூ டாஸ்மேனியாவின் மாநில மலர். ஸ்விஃப்ட் பாரட் என்ற பச்சைக்கிளி ஆண்டுதோறும் கடலைக் கடந்து டாஸ்மேனியாவுக்குப் போய் முட்டையிடுகிறது. அந்தப் பருவத்தில் அது முக்கியமாக நம்பியிருப்பது இந்தப் பூவின் தேனைத்தான். ப்ளூ கம் பூக்காத ஆண்டு கிளிக்குப் பஞ்ச ஆண்டு. அந்தக் கரையில் அது நிற்கும்போது எவ்வளவு மதிப்புள்ள மரம்!

எங்கள் இடத்துக்கு அது பொருந்தாது. வேகமாக வளர்ந்து, வீட்டுக்கு மேல் நின்று, பட்டையை நீள நீளமாக உரித்துக் கொட்டும். கோடைத் தீ வரும் நாட்டில் கூரையோரம் அந்தப் பட்டை குவிவதை நான் விரும்பவில்லை. மாமனாரை வாதாடி மாற்ற முடியவில்லை. ஒரு தகவல் மாற்றியது. ஆஸ்திரேலியாவில் மருந்துத் தைலம் வடிப்பதற்குப் பெரிதும் பயன்படுவது ப்ளூ கம் இல்லை. பென்டிகோ வட்டாரத்து வறண்ட காடுகளில் புதர்போல் வளரும் ப்ளூ மல்லி என்ற குட்டை இனம். இலையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தழைத்துவிடும். அதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் தைலத்தைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுக்கொடுத்தார்.

மகளின் மரம்: மவுண்டன் ஆஷ்

டான்டினாங் மலையில் உள்ள ஷெர்ப்ரூக் காட்டில் ஒரு நாள் நடந்துவிட்டு வந்தால் யாருக்கும் இந்த ஆசை வரும். உலகின் மிக உயரமான பூக்கும் தாவரங்களில் இது ஒன்று. டாஸ்மேனியாவில் செஞ்சூரியன் என்று பெயரிட்ட ஒரு மரம் 100 மீட்டரைத் தொட்டு நிற்கிறது. கீழே ஆள் உயரத்துக்கு மேல் பெரணி மரங்கள், நடுவில் ஈரப் பாசி, அதற்கும் மேலே வழவழவென்று வெண்ணிறத் தூண்கள். மகள் அண்ணாந்து பார்த்தபடியே, "அப்பா, இது நம் வீட்டில் வளருமா?" என்று கேட்டாள்.

வளராது. ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும், ஆழமான குளிர்ந்த மலை மண்ணும் அதற்கு வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். இதைவிடப் பெரிய காரணம் அந்த மரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான யூகலிப்டஸ்கள் தீயில் கருகினாலும் பட்டைக்கு அடியிலிருந்தோ அடிக்கிழங்கிலிருந்தோ துளிர்த்துவிடும். மவுண்டன் ஆஷுக்கு அந்த அடிக்கிழங்கு கிடையாது. கடுந்தீயில் மரமே செத்துவிடும். சாகும்போது உச்சியில் சேர்த்துவைத்த விதையெல்லாம் சாம்பல் படுக்கையில் கொட்டும். மொத்தக் காடும் ஒரே வயதில் மறுபடியும் முளைக்கும். அந்தப் பிள்ளைகள் விதை பிடிக்க 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த மலையில் மவுண்டன் ஆஷ் இனி இல்லை. 1939இல் எரிந்தது, 2009 பிப்ரவரி 7ஆம் தேதி எரிந்தது. அந்த நாளில் விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள். எங்கள் நிலத்திலிருந்து வடகிழக்கே தெரியும் கிங்லேக் மலையின் உயர்ந்த பழைய ஆஷ் மரங்களும் அன்றைய தீயில் போயின.

இது பெருங்காடாக நிற்க வேண்டிய மரம். ஒற்றை மரமாகத் தோட்டத்தில் நட்டால் அதற்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. 2024 ஜனவரி 1 முதல் விக்டோரியாவின் அரசுக் காடுகளில் இயற்கைக் காட்டு மரங்களை வணிகத்துக்கு வெட்டுவது நின்றிருக்கிறது. அந்த மலைக்கு மகளை அடிக்கடி கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம்.

மனைவியின் மரம்: மன்னா கம்

மூன்றில் இதை மறுப்பதுதான் கடினமாக இருந்தது. மன்னா கம் இந்த மண்ணுக்கே உரியது. பிளென்டி ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. பட்டை நீண்ட நாடாக்களாகத் தொங்க, அடியில் பால்வெள்ளை மரம். இந்த நிலத்தின் பூர்வகுடிகளான வுருஞ்சேரி மக்களின் பெயரிலேயே இந்த மரம் இருக்கிறது: அவர்கள் மொழியில் 'வுருன்' என்பது மன்னா கம், 'ஜெரி' என்பது மரத்தில் வாழும் புழு. பூச்சி கடித்த இடத்தில் இனிப்பான பிசின் கசிந்து வெள்ளையாக உறையும், அதுதான் மன்னா. டாஸ்மேனியாவில் நாற்பது புள்ளிப் பர்டலோட் என்ற, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பறவை, இந்த மரத்தின் இலைக்காம்பை அலகால் கடித்துவிட்டுப் போய், பிசின் கசிந்த பிறகு திரும்பி வந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. உழவன் விதைத்துவிட்டு அறுவடைக்கு வருவதுபோல.

மனைவி விரும்பியது மரத்திலேயே வாழும் கோலா என்ற விலங்குக்காக. கோலா மிக விரும்பித் தின்னும் இலைகளில் இது ஒன்று. ஆனால் ஒரு மரம் நட்டால் கோலா வந்துவிடாது. அது மரத்துக்கு மரம் தாவிப் போக, தொடர்ச்சியான காடு வேண்டும். எங்கள் பக்கம் சாலைகளும் புதுக் குடியிருப்புகளும் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டன. இன்னொன்று, மன்னா கம் குளிர்ச்சியும் நிலையான ஈரமும் கேட்கும் மரம். கோடையில் வற்றும் எங்கள் ஓடை அதற்குத் துணையில்லை. தெற்கு நியூ சவுத் வேல்ஸின் மொனாரோ மேட்டு நிலத்தில் இந்த மரம் பெரும் பரப்பில் பட்டுப்போய் எலும்புக்கூடுகளாக நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு, வறண்ட ஆண்டுகள் கூடிவரும் காலத்தில் விளிம்பில் உள்ள ஓர் இடத்தில் இதை வைக்கத் துணிவு வரவில்லை. யாரா ஆற்றங்கரையிலோ வற்றாத ஓடையோரத்திலோ நிலம் உள்ளவர்கள் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இதுதான் என் முதல் பரிந்துரை.

ரிவர் ரெட் கம்

இனி நான் வேண்டாம் என்று நின்ற மரத்துக்கு வருகிறேன். யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் மிகப் பரந்து கிடக்கும் யூகலிப்டஸ் இதுதான். நடுப் பாலைவனத்தின் வறண்ட ஆற்றுப் படுகை முதல் தெற்கு விக்டோரியா வரை, நீர் ஓடும் தடமெல்லாம் இது நிற்கும். பெயர் மட்டும் இத்தாலியுடையது: நேப்பிள்ஸில் கமால்டோலி தோட்டத்தில் வளர்ந்த மரத்தை வைத்து 1832இல் பெயரிட்டார்கள். தமிழ்நாட்டுச் சமவெளித் தோப்புகளில் நிற்பவை பெரும்பாலும் இதுவும் இதன் நெருங்கிய உறவான இன்னோர் இனமும்தான். அதாவது, எங்கள் ஊர் ஆர்.எஸ்.பதி மரம்.

அதைத் தெரிந்துகொண்டு பார்மா காட்டுக்குப் போனோம். மெல்பர்னிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். மர்ரே ஆற்றின் இரு கரையிலும் பார்மா, மில்லவா என்று இணைந்து கிடக்கும் காடு, ஏறத்தாழ 66,000 ஹெக்டேர். உலகிலேயே மிகப் பெரிய ரெட் கம் காடு. யோர்ட்டா யோர்ட்டா மக்களின் பூமி. விக்டோரியப் பகுதி 2010இல் தேசியப் பூங்கா ஆனது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து ஒரு பக்கம் மேலெழுந்தது. நேராக மேற்கே போன ஆறு தடுக்கப்பட்டு, திசை மாறி, தாழ்ந்த நிலமெல்லாம் பரவியது. அந்தப் பரவலில் பிறந்த காடு இது.

நான் தேடிப்போன எதுவும் அங்கே இல்லை. வரிசை இல்லை. ஒரே வயது இல்லை. முழங்கால் உயரக் கன்றும், பல நூற்றாண்டு கண்ட முதுமரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அடியில் கோரையும் புல்லும். மேலே பொந்துக்குப் பொந்து கிளிகள். சூப்பர்ப் பாரட் என்ற பச்சைக்கிளி இந்த மரப் பொந்துகளில் குஞ்சு பொரிக்கிறது. சில மரங்களில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரித்த நீள வடு. பூர்வகுடிகள் ஓடம் செய்யப் பட்டையை எடுத்த தழும்பு அது. மரம் சாகாதபடி, வேண்டிய அளவு மட்டும் உரித்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், மெல்பர்னில் கிரிக்கெட் பார்க்கப் போகும்போது எம்சிஜி மைதானத்துக்கு வெளியே யாரா பூங்காவிலேயே இப்படி ஒரு வடு மரத்தைப் பார்க்கலாம்.

ஒரே இனம் அங்கே பாலையாகவும் இங்கே வீடாகவும் இருப்பது எப்படி? எனக்குக் கிடைத்த விடை எளியது. எங்கள் ஊரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காகித ஆலைக்காக வெட்டிவிடுகிறார்கள். பொந்து விழும் வயதை எந்த மரமும் எட்டுவதில்லை. இங்கே சிறு பொந்து உண்டாகவே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகும். பெரிய ஆந்தைகளும் கொக்கட்டூக் கிளிகளும் நுழையும் பொந்துக்கு அதைப்போல் இரு மடங்கு காலம்கூட ஆகும். ஆஸ்திரேலியாவில் 300க்கும் மேற்பட்ட முதுகெலும்பு உயிரினங்கள் இந்தப் பொந்துகளை நம்பி வாழ்கின்றன. இன்னொன்று வெள்ளம். ரெட் கம் வாழ்வின் தாளமே வெள்ளம்தான். மலையில் பனி உருகும் வசந்தத்தில் ஆறு கரை மீறும். வாரக்கணக்கில் மரம் நீரில் நிற்கும். நீர் வடிந்த சேற்றில் தூசி போன்ற விதை விழுந்து முளைக்கும். கோடைக்குள் அந்தக் கன்றின் வேர் கீழே ஈரத்தைப் பிடித்துவிட வேண்டும். 1936இல் மேலே ஹியூம் அணை கட்டி முடிந்த பிறகு இந்தத் தாளம் குலைந்தது. வசந்த நீரைத் தேக்கி, கோடையில் பாசனத்துக்கு விடுகிறார்கள். அதனால்தான் அந்தக் காட்டுக்கென்று தனியாக நீர் ஒதுக்க வேண்டியிருக்கிறது. தாமிரபரணிக் கரையிலோ காவிரிக் கரையிலோ வளர்ந்தவர்களுக்கு, அணை வந்த பிறகு ஆற்றின் பருவம் மாறுவது புதுச் செய்தி இல்லை.

எங்கள் நிலத்துக்கு இது எப்படி? கீழ்ப்பாதிக்குக் கச்சிதம். விட்டில்சீ சமவெளியின் களிமண்ணில் பழைய ரெட் கம்கள் இன்னமும் நிற்கின்றன. புதுக் குடியிருப்புகள் சில அந்த மரங்களைச் சுற்றிப் பூங்கா விட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காற்றே இல்லாத வெயில் நாளில்கூட, முன்னறிவிப்பின்றிப் பெரிய கிளையை முறித்துப் போடும் மரம் இது. அதன் நிழலில் காரை நிறுத்தக் கூடாது, குழந்தைகளின் ஊஞ்சலைக் கட்டக் கூடாது. 30 மீட்டர், அதற்கு மேலும் உயரும். வீட்டிலிருந்து குறைந்தது அதன் உயரத்துக்குச் சமமான தூரம் விட முடியாதவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

யெல்லோ பாக்ஸ்

மேட்டுக்கு எது என்ற கேள்விக்கு உள்ளூர் லேண்ட்கேர் குழுவில் ஒரு மூதாட்டி பதில் சொன்னார். லேண்ட்கேர் என்பது விவசாயிகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து நிலத்தைச் சீர்படுத்தும் இயக்கம். 1986இல் இந்த விக்டோரியாவில் தொடங்கியது. எங்கள் மேட்டில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, "யெல்லோ பாக்ஸ் வையுங்கள், உங்கள் பேரப்பிள்ளைகள் தேன் சாப்பிடுவார்கள்" என்றார்.

யூகலிப்டஸ் மெலியோடோரா. தேன் மணம் கமழ்வது என்று பொருள். வசந்தத்திலிருந்து கோடை வரை வெண்மையான பூ. இதன் தேன் வெளிறிய பொன்னிறம், சீக்கிரம் உறையாது. இங்குள்ள தேனீ வளர்ப்போர் பெருமையோடு தனியாகப் பெயரிட்டு விற்கும் தேன். அடிமரத்தில் சொரசொரப்பான பட்டை, மேலே போகப் போக வழவழப்பான மஞ்சள் வெள்ளைக் கிளைகள். முதல் பார்வையில் பெரிய அழகு என்று சொல்லமாட்டேன். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும்.

இதன் வாழிடம் அடர்காடு இல்லை. மரத்துக்கு மரம் வெளிவிட்டு நிற்க, நடுவில் கங்காரு புல்லும் லில்லிகளும் ஆர்க்கிட்களும் விரிந்து கிடக்கும் புல்வெளிக் காடு. மண் நன்றாக இருந்ததுதான் அதற்கு வினையாயிற்று. ஆடு மேய்க்கவும் கோதுமை விதைக்கவும் முதலில் வெட்டப்பட்டவை இந்த மரங்கள்தான். விறகுக்கும் வேலிக் கம்புக்கும் உகந்த உறுதியான மரம் இது என்பது இன்னொரு வினை. கிழக்கு ஆஸ்திரேலியாவின் பெருமலைத் தொடரையும் அதன் உட்பகுதிச் சரிவுகளையும் ஒட்டி விரிந்திருந்த வெள்ளை பாக்ஸ், யெல்லோ பாக்ஸ், பிளேக்லி ரெட் கம் புல்வெளிக் காட்டை 2006இல் கடும் அழிவு நிலையில் உள்ள உயிர்ச்சூழலாக ஆஸ்திரேலிய அரசு பட்டியலிட்டது. நல்ல நிலையில் எஞ்சியிருப்பது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. ரீஜென்ட் ஹனிஈட்டர் என்ற கறுப்பு மஞ்சள் பறவை பெருங்கூட்டமாக இந்தப் பூக்களைத் தேடி அலைந்த காலம் உண்டு. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

மெதுவாக வளரும் என்பது இதன் ஒரே குறை. பத்து ஆண்டில் நிழல் வேண்டும் என்பவர் ஏமாந்துபோவார். வறட்சியைத் தாங்கும், உறைபனியைத் தாங்கும், சரளையில் நிற்கும். ப்ளூ கம்மையும் யெல்லோ பாக்ஸையும் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று கேட்டால், வேகத்தில் ப்ளூ கம். மற்ற எல்லாவற்றிலும் யெல்லோ பாக்ஸ். எங்கள் மேட்டில் ஏழு கன்றுகள் வைத்தோம்.

ஏக்கர் கணக்கில் நிலம் இல்லாதவர்களுக்கு ஒரு சொல். 400 சதுர மீட்டர் மனையில் மேலே சொன்ன எந்த மரமும் கூடாது. யெல்லோ கம் என்ற லூக்கோசைலான் இனத்தில் குட்டையாக வளரும் வகைகள் கிடைக்கின்றன. குளிர்காலத்தில், வேறு பூ குறைந்த நாட்களில் பூத்துத் தேன்பறவைகளை வாசலுக்கு அழைத்து வரும். டார்னீட், மெல்டன் பக்கம் குடியேறியவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும்: அந்த மேற்குச் சமவெளியின் பெரும்பகுதி இயல்பாகவே மரமில்லாப் புல்வெளி. அந்தப் புல்வெளியும் 2008இல் கடும் அழிவு நிலைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அங்கே ஆற்றோரம் தவிர வேறிடத்தில் பெருமரம் நடுவதைவிட, கங்காரு புல்லையும் அந்த மண்ணின் சிறு பூச்செடிகளையும் வளர்ப்பதே அந்த நிலத்துக்குச் செய்யும் மரியாதை.

நட்டதும் நடாததும்

கன்றின் அளவிலும் எங்களுக்குள் வாதம் நடந்தது. ஆள் உயரத் தொட்டிச் செடியா, விரல் நீளக் குழாயில் விற்கும் சிறு கன்றா? மாமனாருக்குப் பெரியது வேண்டும். கண்முன்னே மரமாக வேண்டும். நான் சிறியதைப் பிடித்தேன். தொட்டியில் பல மாதம் இருந்த செடியின் வேர் வட்டமாகச் சுருண்டு, மண்ணில் வைத்த பிறகும் சுருண்டபடியே போகும், காற்றுக்குச் சாயும். யூகலிப்டஸ் சிறு கன்று மூன்று நான்கு ஆண்டில் பெரிய செடியைப் பிடித்துவிடும், பெரும்பாலும் முந்தியும் விடும். இலையுதிர்காலத்து முதல் மழைக்குப் பிறகு நட்டு, சுற்றிலும் மூடாக்கு போட்டு, முயலும் வாலபி என்ற சிறு கங்காருவும் கடிக்காமல் இருக்கக் காப்பு உறை மாட்டினால் போதும். ஏழில் ஐந்து பிழைத்திருக்கின்றன.

ரெட் கம் மட்டும் நாங்கள் நடவே இல்லை. கீழ் மூலைக் கிழட்டு மரத்தை வெட்டுவதற்கு விலை சொல்ல வந்த மரப் பராமரிப்பாளர், ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "இது ரெட் கம். இரண்டு பொந்துகளில் ஆள் இருக்கிறது" என்றார். ஒன்றில் கலா என்ற கொக்கட்டூக் கிளி, இன்னொன்றில் பொசம் என்ற மரவாழ் விலங்கு. இப்படிப்பட்ட மரத்தை எடுக்க வேண்டுமென்றால் முதலில் கவுன்சிலில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அனுமதி கேட்கும் எண்ணமே அன்றோடு போய்விட்டது. வீட்டுப் பக்கம் நீண்டிருந்த ஒரு கிளையை மட்டும் குறைத்தோம். பட்ட கிளைகளை அப்படியே விட்டோம். நாங்கள் இன்று நடும் எந்தக் கன்றும் அந்தப் பொந்தைத் தருவதற்கு இன்னொரு நூற்றாண்டு ஆகும்.

நிலம் வாங்கிய அந்த ஆண்டு அக்டோபரில் விக்டோரியாவின் பல பகுதிகளில் வெள்ளம். எங்கள் சிறு ஓடையும் கரை மீறி, கிழவரான அந்த ரெட் கம்மின் அடிவரை வந்து நின்றது. நீர் வடிந்த பிறகு, அந்தச் சேற்றில் கீரை விதைத்ததுபோல் பச்சையாக முளைவிட்டிருந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். புல் என்று நினைத்தோம். குனிந்து பார்த்தால், செம்மை ஓடிய தண்டில் இரண்டு இரண்டாய் இலை. மாமனார் அப்போது குன்னூருக்குத் திரும்பியிருந்தார். படம் எடுத்து அனுப்பினோம். உடனே அழைத்து, "மாப்பிள்ளை, மாடு எதுவும் வராமல் வேலி போடுங்கள்" என்றார்.

எங்களிடம் மாடு இல்லை. கங்காருவும் முயலும் உண்டு. அந்த வாரமே கம்பி வலை வாங்கி, கிழவரின் கிளை விரிவுக்கு வெளியே சுற்றிலும் வேலி போட்டோம். அடுத்த கோடையில் பெரும்பாலானவை காய்ந்துவிட்டன. காட்டிலும் அப்படித்தான் நடக்கும். இந்த ஆண்டு எண்ணியபோது பதினொன்று நிற்கின்றன. மிக உயரமானது மகளின் தோளைத் தொடுகிறது.